கொடுத்த ரத்தம் எங்கே போனது? மானுடவியல், மரபணு, அதிகாரம் மூன்றையும் சேர்த்து ஆய்வு செய்ய விரும்பும் மாணவிக்கு ஒரு பதில்

கேள்வி: உயிரித்தொழில்நுட்பத்தில் முதுநிலைப் பட்டம் முடித்திருக்கிறேன். ஆய்வகத்தில் மரபணு வரிசைகளைப் பார்க்கும்போதெல்லாம், இந்த மாதிரிகள் யாருடையவை, எந்தச் சாதியின் பெயரில் பிரிக்கப்பட்டன, இதனால் யாருக்குப் பலன் என்ற கேள்விகளே மனத்தில் எழுகின்றன. மானுடவியல், மரபணுவியல், அதிகாரம் பற்றிய விமர்சன ஆய்வு ஆகியவற்றைச் சேர்த்து முனைவர் பட்டம் செய்ய முடியுமா? எங்கே, எப்படி?

பதில்:

முடியும். ஆனால் இந்த மூன்றையும் பெயரிலேயே தாங்கிய ஒரு துறையைத் தேடினால் ஏமாந்துபோவீர்கள். இந்த வழியில் ஆய்வு செய்தவர்களில் பெரும்பாலோர் ஒரு துறையில் இடம் பிடித்து, இன்னொரு துறையில் பாடம் கேட்டு, மூன்றாவது ஓர் இடத்தில் களப்பணி செய்து தங்களுக்கான பாதையைத் தாங்களே போட்டுக்கொண்டவர்கள். அதனால் பல்கலைக்கழகப் பெயர்களைப் பிறகு சொல்கிறேன். எதை ஆராயப்போகிறீர்கள் என்பது தெளிவாகிவிட்டால், எங்கே போவது என்பதில் பாதி தானாகவே தீர்ந்துவிடும்.

இந்தத் துறையின் மூலக் கேள்வி ஒன்றுதான் என்று நான் நினைக்கிறேன். ரத்தம் கொடுத்தவர் வீடு திரும்பிய பிறகு அந்த ரத்தம் எங்கே போனது, யார் கையில் என்னவாக மாறியது?

எனக்கு இந்தக் கேள்வி ஒரு ஃப்ரீசரின் முன்னால் பிறந்தது. முதுநிலை மாணவியாக ஓர் ஆய்வகத்தில் வேலை பழகிக்கொண்டிருந்தேன். மைனஸ் எண்பது டிகிரியில் அடுக்கடுக்காகச் சிறு குழாய்கள். ஒவ்வொரு மூடியிலும் ஒரு சாதிப் பெயரின் முதல் மூன்று எழுத்துகள், பக்கத்தில் ஓர் எண். எழுதிய மை பனியில் மங்கியிருந்தது. "இவர்களிடம் முடிவுகளைச் சொல்லிவிட்டோமா?" என்று மூத்த ஆய்வாளர் ஒருவரிடம் கேட்டேன். "கட்டுரை வந்துவிட்டதே" என்றார். அவர் கெட்டவர் இல்லை. கட்டுரை வெளிவந்தால் கடமை முடிந்தது என்று அவருக்கும் யாரோ கற்றுக்கொடுத்திருந்தார்கள். அந்த ஊர்களுக்கு யாரும் திரும்பிப் போகவில்லை. நானும் போகவில்லை. அது இன்றுவரை உறுத்துகிறது.

இதே கேள்வியை ஒரு சமூகமே எழுந்து நின்று கேட்ட வரலாறு ஒன்று உண்டு. இந்தத் துறைக்கு வருகிற யாரும் முதலில் படிக்க வேண்டியது அதைத்தான். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் அடியில் ஹவசுப்பாய் பழங்குடியினர் வாழ்கிறார்கள். சில நூறு பேரே உள்ள சமூகம். நீரிழிவு அவர்களைக் கடுமையாகத் தாக்கியிருந்தது. 1990 தொடங்கி அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்கே ரத்தம் சேகரித்தார்கள். நீரிழிவுக்குக் காரணம் தெரியும் என்று நம்பியே மக்கள் கையை நீட்டினார்கள். அவர்கள் கையெழுத்திட்ட படிவத்திலோ நடத்தை சார்ந்த, மருத்துவம் சார்ந்த குறைபாடுகளை ஆராய என்று பொதுப்படையாக எழுதியிருந்தது. வாயால் சொன்னது ஒன்று, தாளில் இருந்தது அதைவிடப் பல மடங்கு அகலமானது.

2003இல் அந்தச் சமூகத்தைச் சேர்ந்த கார்லெட்டா டிலூசி அதே பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர் தன் முனைவர் பட்ட ஆய்வை முன்வைத்த கூட்டத்துக்குப் போயிருந்தார். திரையில் ஓடிக்கொண்டிருந்தது தன் மக்களின் டி.என்.ஏ. என்று அவருக்குப் புரிந்தது. எழுந்து, இந்த ரத்தத்தை இதற்குப் பயன்படுத்த அனுமதி வாங்கினீர்களா என்று கேட்டார். அதற்குப் பிறகுதான் எல்லாம் வெளியே வந்தது. அதே மாதிரிகள் மனச்சிதைவு நோய் பற்றியும், நெருங்கிய உறவுக்குள் நடக்கும் திருமணங்கள் பற்றியும், அந்த மக்களின் முன்னோர் ஆசியாவிலிருந்து இடம்பெயர்ந்தது பற்றியும் நடந்த ஆய்வுகளுக்குப் போயிருந்தன. தாங்கள் அந்தப் பள்ளத்தாக்கிலேயே தோன்றியவர்கள் என்பது ஹவசுப்பாய் மக்களின் தோற்றக் கதை. நிலத்தின் மீதான உரிமையும் அந்தக் கதையோடு பின்னிக்கிடக்கிறது. வழக்கு நடந்தது. 2010இல் பல்கலைக்கழகம் 41 பேருக்கு ஏழு லட்சம் டாலர் தந்து சமரசம் செய்துகொண்டது. மிஞ்சிய ரத்த மாதிரிகளைத் திருப்பியும் கொடுத்தது. அவற்றை வாங்கிக்கொள்ள வந்தவர்கள் ஃப்ரீசரின் முன்னால் அழுதார்கள், தங்கள் மொழியில் பாடினார்கள்.

பொதுவாக இதை "ஒப்புதல் சரியாக வாங்காத வழக்கு" என்று வகுப்பில் சொல்லி முடித்துவிடுவார்கள். அது போதாது. யார் கேள்வியை வகுத்தார்கள், யார் வெறும் மாதிரியாகக் குறுக்கப்பட்டார்கள், ஒரு மக்களின் கதையைப் பொய் என்று அறிவிக்கும் தகுதியை ஓர் ஆய்வகத்துக்கு எது கொடுத்தது என்பவை ஒப்புதல் படிவத்தைத் திருத்தினால் தீரும் கேள்விகளா? "அதிகாரம் பற்றிய விமர்சன ஆய்வு" என்று நீங்கள் எழுதியிருப்பது இங்கேதான் வேலைக்கு வருகிறது.

இந்தக் கேள்விகளுக்கு நம் ஊரில் ஒரு நீண்ட முன்கதை இருக்கிறது. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். அருங்காட்சியகத்துக்கு வந்த மக்களையே நிற்கவைத்துத் தலையின் நீள அகலத்தையும் மூக்கின் அகலத்தையும் அளந்தவர். அவரும் கே. ரங்காச்சாரியும் சேர்ந்து தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார்கள். வங்காளத்தில் ஆங்கிலேய அதிகாரி ஹெர்பர்ட் ரிஸ்லி மூக்கின் அகலத்துக்கும் சாதிப் படிநிலைக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது என்று வாதிட்டார். 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு அவரே ஆணையராகவும் ஆனார். அளவுகோல் அரசின் கையில் இருந்தது.

இந்தக் கதையை இங்கேயே நிறுத்திவிடுகிறவர்கள் அதிகம். அளந்தார்கள், அடக்கினார்கள், ஆகவே அளப்பதே தவறு என்று முடித்துவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. காரணம் அம்பேத்கர். 1916 மே மாதம் நியூயார்க்கில், கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மானுடவியல் கருத்தரங்கில், இருபத்தைந்து வயது ஆய்வு மாணவராக அவர் ஒரு கட்டுரை வாசித்தார். சாதியின் சாரம் அகமணம், அதாவது தன் சாதிக்குள்ளேயே மணம் முடிக்கும் வழக்கம், என்பது அதன் மையக் கருத்து. 1948இல் தீண்டாமையின் தோற்றத்தை ஆராய்ந்தபோது, இதே மூக்கு அளவுகளை எடுத்து எதிர்த்திசையில் திருப்பினார். இந்த எண்களை நம்புவதானால் பிராமணரும் தீண்டப்படாதோரும் ஒரே இனத்தவர் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும், ஆகவே தீண்டாமைக்கு இனவேறுபாடு காரணமாக இருக்க முடியாது என்று காட்டினார். ஆள்வோர் சேகரித்த தரவை ஆளப்பட்டோரின் பக்கம் நின்று வாசித்துக் காட்டியவர் அவர். நீங்கள் செய்ய விரும்பும் ஆய்வுக்கு முன்னோடி யார் என்று கேட்டால் வெளிநாட்டுப் பெயர்களுக்கு முன்னால் இந்தப் பெயரைத்தான் சொல்வேன்.

இப்போது மரபணுவுக்கு வருவோம். 2009இல் மரபணுவியலாளர் டேவிட் ரைக்கின் ஹார்வர்டு குழுவும் ஹைதராபாத் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் லால்ஜி சிங், தங்கராஜ் ஆகியோரும் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இன்றைய இந்தியர்களில் மிகப் பெரும்பாலோர் இரண்டு பழைய மூதாதை மக்களின் கலப்பு என்றது அது. அவர்களை "மூதாதை வட இந்தியர்", "மூதாதை தென்னிந்தியர்" என்று அழைத்தது. இந்தப் பெயர்கள் எப்படி வந்தன என்பதை ரைக்கே பின்னாளில் எழுதியிருக்கிறார். முதலில் அவர்கள் வைத்திருந்த விளக்கம் மேற்கு யுரேசியாவிலிருந்து பெருந்திரளான குடியேற்றம் என்ற தொனியில் இருந்தது. 2008 அக்டோபரில் ஹைதராபாத்தில் நடந்த சந்திப்பில் இந்திய ஆய்வாளர்கள் அதற்குக் கடும் ஆட்சேபம் தெரிவித்தார்கள். தன் அறிவியல் வாழ்க்கையிலேயே மிகவும் இறுக்கமான இருபத்துநான்கு மணி நேரம் என்று அதைக் குறிப்பிடுகிறார். அதன் பிறகே இந்தப் புதிய பெயர்கள் உருவாயின. தரவு மாறவில்லை, சொற்கள் மாறின. பாடநூல்களிலும் அரசியல் மேடைகளிலும் இன்று உலவுவது அந்தச் சொற்கள்தான். ஓர் அறைக்குள் நடந்த பேச்சுவார்த்தை எப்படி ஒரு துணைக்கண்டத்தின் வரலாற்றுச் சொல்லானது என்பது ஒரு முழு முனைவர் பட்டத்துக்குப் போதுமான பொருள்.

2013இல் அதே ஆய்வு மரபில் வந்த இன்னொரு கட்டுரை, இந்தக் கலப்பு ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கு முன்பிலிருந்து 1,900 ஆண்டுகளுக்கு முன்பு வரை நடந்தது, பிறகு அகமணம் இறுகியது என்றது. அம்பேத்கர் நூறு ஆண்டுகளுக்கு முன் மானுடவியல் வழியாகச் சுட்டிய அதே இடத்தில் மரபணுவும் வந்து நிற்கிறது. அதற்கு ஓராண்டு முன்னதாக, 2012இல், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பிச்சப்பன் பங்கேற்ற குழு ஒன்று தமிழ்நாட்டின் 31 சமூகங்களைச் சேர்ந்த 1,680 ஆண்களின் ஒய் குரோமோசோமை ஆராய்ந்தது. இங்குள்ள சமூகங்களின் தந்தைவழிப் பிரிவு சாதி அமைப்புக்கும் முந்தையது, வேளாண்மை பரவியதோடு தொடர்புடையது என்றது அந்த ஆய்வு. இரண்டும் முரண்படுகின்றனவா? ஒய் குரோமோசோம் தந்தைவழியை மட்டும் காட்டும், மற்றது மரபணுத்தொகுதி முழுவதையும் பார்க்கிறது. அறிவியலாளருக்கு இந்த விளக்கம் போதும். எந்த முடிவை எந்தச் சாதிச் சங்கம் தன் மாநாட்டு மலரில் அச்சிடுகிறது, எதை யாருமே எடுத்துப் பேசுவதில்லை என்பதுதான் மானுடவியலாளர் பார்க்க வேண்டிய இடம். அதற்கு நீங்கள் கட்டுரையையும் படிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும், மாநாட்டுப் பந்தலிலும் உட்காரத் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

இன்னொரு விஷயம் நீண்ட நாளாக என் மனத்தில் இருக்கிறது. 2008இல் இந்திய மரபணு வேறுபாட்டுக் கூட்டமைப்பு 55 சமூகங்களின் தரவை வெளியிட்டபோது சமூகப் பெயர்களை மறைத்துக் குறியீடுகள் கொடுத்தது. மொழிக்குடும்பம், திசை, பெரிய சமூகமா தனித்து வாழும் சமூகமா என்ற வகை, அவ்வளவுதான். தர்ஸ்டன் பெயரையும் மூக்கையும் சேர்த்தே அச்சிட்டார்; நூறாண்டுக்குப் பிறகு வந்தவர்கள் பெயரை அழித்தார்கள். இது முன்னேற்றம்தானா? ஒரு சமூகத்தின் மீது நோய் முத்திரை விழாமல் தடுக்கிறது என்பது உண்மை. ஆனால் அந்தச் சமூகத்தைச் சேர்ந்த ஒருவர் தன் மக்களைப் பற்றி என்ன கண்டுபிடித்தார்கள் என்று தேடினால் அவருக்கும் தெரியாது. 2017இல் வந்த ஓர் ஆய்வு தெற்காசியாவின் 263 சமூகங்களைப் பார்த்து, அவற்றில் 81இல் அகமணத்தின் தடம் பின்லாந்து மக்களையும் ஐரோப்பிய மரபில் வந்த அஷ்கனாசி யூதர்களையும்விட ஆழமாக இருக்கிறது என்றது. அதாவது சில அரிய நோய்கள் அந்தச் சமூகங்களுக்குள் அதிகமாக இருக்க வாய்ப்புண்டு. மயக்க மருந்தோடு கொடுக்கும் சில தசைத் தளர்ச்சி மருந்துகள் உடலில் எளிதில் சிதையாத குறைபாடு ஆரிய வைசியர் சமூகத்தில் கூடுதலாக இருப்பதை அதற்கு முன்பே மருத்துவர்கள் அறிந்திருந்தார்கள். அந்தச் சமூகத்தவர் அறுவைச் சிகிச்சைக்குப் போகும்போது இந்தத் தகவல் உயிர் காக்கும். பெயரைச் சொன்னால் முத்திரை, சொல்லாவிட்டால் ஆபத்து. இதை யார் தீர்மானிக்க வேண்டும்? பத்தாயிரம் பேரின் மரபணுத்தொகுதியை வரிசைப்படுத்திய ஜீனோம் இந்தியா திட்டத்தின் தரவு 2025 ஜனவரியில் ஃபரிதாபாத் தரவு மையம் வழியாக ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டிருக்கும் நிலையில், இந்தக் கேள்விக்கு அவசரமும் வந்துவிட்டது.

இனி உங்கள் பாதை. முதலில் ஒரு முடிவு எடுங்கள்: பைப்பெட்டை, அதாவது ஆய்வகத்தில் திரவம் எடுக்கும் கருவியை, கையில் பிடித்துக்கொண்டே விமர்சனம் செய்வீர்களா, பிடித்திருப்பவரின் பக்கத்தில் உட்கார்ந்து கவனிப்பீர்களா? இரண்டும் மதிப்புள்ளவை, ஆனால் விண்ணப்பிக்க வேண்டிய துறைகள் வேறு. உயிரியல் படித்துவிட்டுச் சமூக அறிவியலுக்கு வரும் பலர் ஆய்வகப் பயிற்சியை ஒரு பழைய பாவம்போல் கழுவிவிடப் பார்க்கிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். மூதாதைக் கலவையைக் காட்டும் வண்ணப்பட்டைப் படங்களைப் பார்த்திருப்பீர்கள். எத்தனை மூதாதைக் குழுக்களாகப் பிரிக்க வேண்டும் என்ற எண்ணை அந்த நிரலுக்கு ஊட்டுவது ஆய்வாளர்தான். மூன்று என்றால் மூன்று வண்ணம், ஐந்து என்றால் ஐந்து வண்ணம். அந்த எண் எங்கே தேர்ந்தெடுக்கப்படுகிறது, ஏன் கட்டுரையில் அது மட்டும் அச்சாகிறது என்று உங்களால் கேட்க முடியும். வெளியிலிருந்து வரும் சமூகவியலாளருக்கு அந்த இடம் கண்ணிலேயே படாது. மறுபக்கம், உங்களிடம் இல்லாதது சமூகக் கோட்பாட்டுப் படிப்பும் களப்பணிப் பழக்கமும். அதற்கு ஓராண்டாவது ஒதுக்குங்கள். நேரே முனைவர் பட்டத்துக்குத் தாவாமல், அறிவியல் தொழில்நுட்பச் சமூக ஆய்விலோ மானுடவியலிலோ இரண்டாவது முதுநிலை ஒன்றைச் செய்வது வீண் அல்ல. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஓராண்டு முதுநிலைப் படிப்பு இருக்கிறது. அங்கே இந்தத் துறைக்கு 1960களிலிருந்து வேர் உண்டு.

அமெரிக்காவில் என் முதல் பரிந்துரை கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா குரூஸ் வளாகம். அங்கே ஜென்னி ரியர்டன் நிறுவிய அறிவியல் மற்றும் நீதி ஆய்வு மையம், எந்தத் துறையின் ஆய்வு மாணவரும் சேரக்கூடிய ஒரு பயிற்சித் திட்டத்தை நடத்திவருகிறது. உயிரியல் மாணவரும் சமூகவியல் மாணவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரு ஆய்வை வகுக்கப் பழகுவதுதான் அதன் உயிர்நாடி. உலகப் பழங்குடிகளின் மரபணுவைச் சேகரிக்க 1990களில் திட்டமிட்ட மனித மரபணுப் பன்மைத் திட்டம் ஏன் பழங்குடிகளின் எதிர்ப்பில் சிக்கியது என்பதை ஆழமாக ஆராய்ந்தவர் ரியர்டன். "ரத்தக்காட்டேரித் திட்டம்" என்று அப்போது பழங்குடி அமைப்புகள் அதற்குப் பெயர் வைத்தன.

சிகாகோ பல்கலைக்கழகத்தின் மானுடவியல் துறையில் கௌசிக் சுந்தர் ராஜன் இருக்கிறார். மரபணுத் தொழிலில் மூலதனம் எப்படி ஓடுகிறது என்பதை இந்தியாவையும் அமெரிக்காவையும் சேர்த்து ஆராய்ந்தவர். ஸ்டான்ஃபோர்டில் டுவானா ஃபுல்வைலி, செனகல் நாட்டில் அரிவாள் செல் சோகையோடு வாழ்பவர்களிடையே களப்பணி செய்தவர். ஒரு "மென்மையான" மரபணு வகை என்று விஞ்ஞானிகள் பெயர் வைத்ததற்குப் பின்னால், மருந்து கிடைக்காத ஒரு நாட்டில் நோயாளிகள் தங்களைத் தாங்களே பார்த்துக்கொண்ட வாழ்க்கை எப்படி மறைந்துகிடந்தது என்று காட்டினார். பைப்பெட்டைக் கீழே வைக்க மனமில்லை என்றால் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் டெபோரா போல்னிக்கின் பணியைப் பாருங்கள். மரபணு ஆய்வகம் நடத்திக்கொண்டே இனம் பற்றிய மரபணுவியல் கூற்றுகளை விமர்சிப்பவர். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்.ஐ.டி.யில் வரலாறு, மானுடவியல், அறிவியல் சமூக ஆய்வு மூன்றையும் சேர்த்த ஒரே முனைவர் பட்டத் திட்டம் உண்டு. மிகச் சிலரையே எடுப்பார்கள், எனினும் விண்ணப்பியுங்கள்.

பழங்குடிகளே மரபணுவியலைக் கையில் எடுத்த முயற்சிகளை அவசியம் கவனியுங்கள். அமெரிக்காவின் நவஹோ தேசம் 2002இலேயே தன் நிலத்தில் மரபணு ஆய்வுக்குத் தடை விதித்தது. 2011இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பழங்குடி மாணவர்களுக்கான கோடைக்கால மரபணுப் பயிற்சி தொடங்கியது. பிறகு நியூசிலாந்துக்கும் கனடாவுக்கும் பரவியது. தெற்கு டகோட்டாவில் பழங்குடி நிலத்திலேயே பழங்குடிகள் நடத்தும் உயிரித்தரவு வங்கி ஒன்று இயங்குகிறது. அதை நிறுவியவர்களில் ஒருவரான நவஹோ மரபணுவியலாளர் கிரிஸ்டல் சோசி இன்று அதே அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருக்கிறார். கோடைப் பயிற்சியில் நீங்கள் சேர முடியாது. அது அவர்களுக்கான இடம், அப்படி இருப்பதுதான் சரி. ஆனால் ஒரு கேள்வியை அங்கிருந்து எடுத்து வரலாம்: நீலகிரியின் இருளரும் குறும்பரும் தங்கள் தரவை யார் தொடலாம் என்று தாங்களே தீர்மானிக்கும் ஏற்பாடு இங்கே ஏன் இல்லை?

கென்விக் மனிதரின் கதையையும் படித்துவிடுங்கள். 1996இல் வாஷிங்டன் மாநிலத்தில் கிடைத்த ஏறத்தாழ 8,500 ஆண்டுப் பழைய எலும்புக்கூடு. தங்கள் முன்னோர் என்று பழங்குடிகள் கேட்டார்கள். நீதிமன்றம் விஞ்ஞானிகளின் பக்கம் நின்றது. 2015இல் டி.என்.ஏ. ஆய்வு அவர் இன்றைய அமெரிக்கப் பழங்குடிகளோடு நெருங்கியவர் என்று காட்டியது. கால்வில் பழங்குடியினர் ஒப்பிட்டுப் பார்க்கத் தங்கள் டி.என்.ஏ.வையே கொடுத்திருந்தார்கள். 2017இல் அவரை அடக்கம் செய்தார்கள். மகிழ்ச்சியான முடிவுதான். ஆனாலும் பழங்குடிகளின் வாய்மொழி இருபது ஆண்டுகள் செல்லாமல் கிடந்து, ஆய்வகம் சொன்ன பிறகே செல்லுபடியானது என்பதை எண்ணிப்பாருங்கள்.

ஐரோப்பாவில் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் அமாடே மசாரெக் இருக்கிறார். தடயவியல் ஆய்வகங்களில் டி.என்.ஏ.விலிருந்து ஒரு சந்தேக நபரின் முகத்தை ஊகிக்கும்போது இனம் எப்படிச் சத்தமில்லாமல் உள்ளே நுழைகிறது என்பது அவருடைய ஆய்வுகளில் முக்கியமானது. நெதர்லாந்தில் முனைவர் பட்ட இடம் பெரும்பாலும் நான்கு ஆண்டுச் சம்பள வேலையாகவே விளம்பரமாகும். அதனால் பல்கலைக்கழக வேலைவாய்ப்புப் பக்கங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழக மானுடவியல் துறையில் சமூக மானுடவியலும் பரிணாம மானுடவியலும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. இந்திய யூதர்களின் மரபணு ஆய்வுகள் அந்தச் சமூகங்களுக்குள் என்ன செய்தன என்று ஆராய்ந்த யூலியா எகொரோவா அங்கே பணியாற்றியவர். முழுக்க ஆய்வகப் பக்கம் போவதானால் லைப்சிக்கின் மாக்ஸ் பிளாங்க் பரிணாம மானுடவியல் நிறுவனம் இருக்கிறது. உங்கள் கேள்விக்கு அது முதல் இடம் இல்லை.

இந்தியாவிலேயே செய்வதை இரண்டாம் தரமாக எண்ணாதீர்கள். சென்னை, புதுச்சேரி, டெல்லி ஆகிய பல்கலைக்கழகங்களின் மானுடவியல் துறைகளில் உடல்சார் மானுடவியலும் சமூக மானுடவியலும் பக்கத்துப் பக்கத்து அறைகளில் இருக்கின்றன. பல மேலைத் துறைகளில் இவை எப்போதோ பிரிந்துவிட்டன. குறை என்னவென்றால், பக்கத்து அறைகளில் இருந்தும் பல இடங்களில் இவர்கள் ஒருவர் கட்டுரையை இன்னொருவர் படிப்பதில்லை. இரண்டு அறைகளிலிருந்தும் நெறியாளரும் இணை நெறியாளருமாக இருவரைச் சேர்த்துக்கொள்ள முடிந்தால் உங்களுக்குக் கிடைப்பது அரிய பயிற்சி. ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் அறிவியல் கொள்கை ஆய்வு மையமும், சென்னை ஐ.ஐ.டி.யின் மனிதவியல் மற்றும் சமூக அறிவியல் துறையும் உயிரியல் பின்னணியோடு வருபவர்கள் பார்க்க வேண்டியவை. இருபதாம் நூற்றாண்டு இந்தியாவில் இந்திய விஞ்ஞானிகளே நடத்திய இன அறிவியலை ஆராய்ந்த புரோஜித் பிகாரி முகர்ஜி அசோகா பல்கலைக்கழகத்தில் இருக்கிறார்; அவருடைய எழுத்தை எங்கே சேர்ந்தாலும் படியுங்கள். வெள்ளைக்காரர் போன பிறகு அளவுகோல் யார் கைக்கு வந்தது என்ற கேள்வியை அவ்வளவு தெளிவாகக் கேட்டவர்கள் குறைவு.

பணம் பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் மானுடவியலில் நெட் தேர்வு எழுதி இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றால், 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், பிறகு முதுநிலை நிலையில் 42,000 ரூபாய். அமெரிக்காவில் நல்ல துறைகள் ஐந்தாண்டு உதவித்தொகையோடுதான் இடம் தரும். பணம் இல்லாத இடம் கிடைத்தால் போகாதீர்கள். அங்கே மனித மரபணுத்தொகுதித் திட்டம் 1990இல் தொடங்கியபோதே அதன் பட்ஜெட்டில் 3 முதல் 5 சதவீதம் சட்ட, நெறிமுறை, சமூக விளைவுகளை ஆராய ஒதுக்கப்பட்டது. இந்தத் துறையில் பலர் அந்தப் பணத்தில் வளர்ந்தவர்கள். ஆனால் 2025இல் அமெரிக்கக் கூட்டரசு ஆய்வு நிதி கடுமையாக வெட்டப்பட்டு, இனம், சமத்துவம் தொடர்பான பல மானியங்கள் ரத்தாயின. உதவித்தொகை பல்கலைக்கழகத்தின் சொந்தப் பணமா, மானியத்திலிருந்து வருகிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சேர்ந்த பிறகு களப்பணிக்கு, மானுடவியல் ஆய்வுகளுக்கு நிதி தரும் வென்னர்-கிரென் அறக்கட்டளைக்கு விண்ணப்பிக்கலாம். அது எந்த நாட்டு மாணவருக்கும் தருகிறது.

பட்டியல் சாதி மாணவராக இருந்தால் ஒன்றைக் கவனமாகப் படியுங்கள். மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகையில் 125 இடங்கள் உண்டு. 2022இல் அதன் வழிகாட்டு நெறிகளில் ஒரு வரி சேர்க்கப்பட்டது: இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுத் தலைப்புகளுக்கு உதவித்தொகை கிடையாது. தன் சமூகத்தைப் பற்றி வெளிநாட்டில் ஆராய விரும்பும் தலித் மாணவரின் முகத்தில் அறைந்து சாத்திய கதவு அது. அம்பேத்கரின் 1916 கட்டுரையே இந்த விதியைத் தாண்டியிருக்காது. எனக்கு இதில் இன்றும் கோபம் குறையவில்லை. விண்ணப்பிக்கும் ஆண்டின் நெறிமுறையை வரிவரியாகப் பாருங்கள். தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறிஸ்தவ ஆதிதிராவிட மாணவர்களுக்கு வெளிநாட்டு முதுநிலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் உதவுகிறது. அதையும் சேர்த்துப் பாருங்கள்.

நெறியாளருக்கு எழுதும் முதல் கடிதம் பற்றி ஒரு சொல். "உங்கள் பணி எனக்கு மிகவும் பிடிக்கும்" என்று தொடங்கும் கடிதங்கள் வாரத்துக்குப் பல வருகின்றன. அவருடைய ஒரு கட்டுரையில் உங்களுக்கு உடன்பாடு இல்லாத ஓர் இடத்தை மரியாதையோடு சுட்டி, உங்கள் ஃப்ரீசரில் நீங்கள் பார்த்த ஒன்றோடு அதை இணைத்து அரைப் பக்கம் எழுதுங்கள். அவரிடம் படிக்கும் மாணவர்கள் இரண்டு பேருக்குத் தனியாக எழுதி, களப்பணி முடிந்து அந்த மக்களிடம் திரும்பிப் போக நேரமும் பணமும் கொடுக்கிறாரா என்று கேளுங்கள். எந்த ஒரு தரவரிசைப் பட்டியலையும்விட இந்தப் பதில் உங்களுக்குப் பயன்படும். அமெரிக்க விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பரில் முடியும். கடிதங்களை ஆகஸ்ட், செப்டம்பரிலேயே அனுப்பிவிடுங்கள்.

அதற்கும் முன்னால் இந்த வாரம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் முதுநிலை ஆய்வில் பயன்படுத்திய மாதிரிகளுக்கு என்ன ஒப்புதல் படிவம் கொடுத்தார்கள் என்று கேட்டு, பெயர் நிரப்பாத வெற்றுப் படிவம் ஒன்றை வாங்குங்கள். எந்த மொழியில் இருக்கிறது, எந்த நோயைச் சொல்கிறது, மிச்ச ரத்தத்தை எவ்வளவு காலம் வைத்திருப்போம் என்கிறது, முடிவை யாரிடம் எப்போது சொல்வோம் என்கிறது என்று பாருங்கள். பிறகு அந்த ஃப்ரீசரில் எந்த ஊரின் குழாய்கள் இருக்கின்றனவோ, உங்கள் ஆய்வகத்தின் நெறிமுறைக் குழுவிடம் கேட்டுக்கொண்டு அந்த ஊருக்குப் போய்வர வழியிருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் படிவம் சொன்னதற்கும் நடந்ததற்கும் இடையே என்ன இருந்தது என்று இரண்டு பக்கம் எழுதினால், உங்கள் ஆய்வு முன்மொழிவின் முதல் இரண்டு பக்கம் தயாராகிவிடும்.